போடிமெட்டுக்கு பைக்ல போறீங்களா? ஏறுறது ஈஸி... இறங்கும்போதுதான் கவனம் தேவை!

ஞாயிற்றுக்கிழமை வந்தாலே போடிநாயக்கனூர் பக்கம் பைக் கூட்டம் அதிகமாகிடும். மதுரை, தேனி, திண்டுக்கல்னு பல ஊர்களிலிருந்தும் இளைஞர்கள் மலையேற வருகிறார்கள். ராசிங்காபுரம், சிலமலை, தேவாரம் போன்ற அடிவார ஊர்க்காரர்களுக்கு அந்த மலை தினமும் கண்ணுக்கு முன்னாடி நிற்கிற மலை. அவர்களில் பலருக்கு அதுதான் வேலைக்குப் போகிற வழியும்கூட.

காலையில் கிளம்பி இருட்டுறதுக்குள்ள வீடு திரும்பும்படி ஒரு நாள் ரைடு போகணும்னா எந்த ரூட், எந்த நேரம், எந்த கியர்? விரிவாகப் பார்க்கலாம்.

எந்த ரூட்ல போகலாம்?

ராசிங்காபுரத்திலிருந்து சிலமலை வழியாக போடி. அங்கிருந்து முந்தல். இதுவரை சமவெளிதான். முந்தல் தாண்டியதும் மலைச்சாலை ஆரம்பம். கொச்சியிலிருந்து மூணாறு, போடி, தேனி, மதுரை வழியாக தொண்டி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை எண் 85-ன் ஒரு பகுதி இது. 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் தமிழ்நாடு - கேரள எல்லையான போடிமெட்டு. நல்ல மழை பெய்திருந்தால் போகும் வழியில் புலியூத்து அருவியையும் பார்க்கலாம்.

போடிமெட்டிலிருந்து நேராகப் போனால் மூணாறு. கூட்டமே வேண்டாம்னா பூப்பாறையில் இடதுபக்கம் திரும்புங்க. சாந்தம்பாறை, உடும்பஞ்சோலை, நெடுங்கண்டம் வரை ஏலக்காய்த் தோட்டங்கள் நடுவிலேயே சாலை போகும். பிறகு கம்பம்மெட்டு வழியாகக் கம்பத்துக்கு இறங்கி, உத்தமபாளையம், தேவாரம் வழியாக ராசிங்காபுரத்துக்கே திரும்பிடலாம். நிதானமாக ஓட்டினாலும் ஒரு பகலில் முடிக்கக்கூடிய வட்டம் இது.

உடும்பஞ்சோலை பக்கத்தில் சதுரங்கப்பாறை மேட்டில் நின்று கீழே பார்த்தால் தேவாரம் பக்கத்து வயல்களும் தோப்புகளும் தெரியும். கண்ணுக்கு எட்டுகிற தூரம்தான். ஆனா சாலை வழியா வரணும்னா போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுத்தித்தான் ஆகணும். தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டு வழியாகச் சாலை போடணும்னு இந்தப் பகுதி மக்கள் நீண்ட காலமாகக் கேட்பதற்குக் காரணமும் இதுதான்.

குரங்கணிக்குப் போலாமா?

முந்தலில் பிரியும் இன்னொரு சாலை குரங்கணிக்குப் போகிறது. கொட்டகுடி ஆற்றை ஒட்டிய அழகான பாதை. ஆனா குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு பைக்ல போக முடியாது, நடைபாதைதான்.

இந்த வழிக்கு ஒரு வரலாறும் இருக்கு. ஒரு காலத்தில் மூணாறு தேயிலை, குண்டளை பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து ரோப்வே மூலம் கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு போடிக்கு வந்தது. 1924-ல் வந்த பெருவெள்ளத்தில் அந்த மலை ரயில் அழிந்தது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றம் போன 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்குக் கடுமையான விதிகள் வந்தன. வனத்துறை அனுமதி இல்லாமல் சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீங்க. சிகரெட் துண்டு, அடுப்பு, கேம்ப் ஃபயர் எதுவும் கூடாது. குறிப்பாக மாசி, பங்குனி மாதங்களில் இந்தச் சரிவுகளில் புல் காய்ந்து சருகாகக் கிடக்கும்.

எந்த நேரத்தில் போகலாம்?

பல ரைடர்கள் யோசிக்காத விஷயம் இது. போடிமெட்டு சாலையை முதலில் நம்பியிருப்பது ஏலத்தோட்டத் தொழிலாளர்கள்தான். அடிவார ஊர்களிலிருந்து தினமும் அதிகாலையில் ஜீப் ஜீப்பாக ஆட்கள் மலையேறுவார்கள். பெரும்பாலும் பெண்கள். சாயங்காலம் அதே ஜீப்புகள் வரிசையாக இறங்கும். ஏலக்காய் ஒரே தடவையில் பறித்து முடிக்கிற பயிர் இல்லை. ஆடி, ஆவணி வாக்கில் ஆரம்பித்தால் தை வரை 40, 45 நாளைக்கு ஒருமுறை என்று பல சுற்றுப் பறிப்பு நடக்கும். அந்த மாதங்களில் ஜீப் போக்குவரத்தும் கூடும்.

ஆட்களோடு போகிற ஜீப் ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்ப கிட்டத்தட்ட முழுச் சாலையும் தேவைப்படும். எதிரே ஒரு பைக் வளைவை வெட்டிக்கொண்டு வந்தால் டிரைவருக்கு ரெண்டே வழிதான். மலைப்பக்கம் உரசணும், இல்லைன்னா பள்ளத்துப் பக்கம் ஒதுங்கணும். உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பாங்க. பைக் ஓட்டுபவரின் ஒரு நொடி அவசரம் ஒரே தெருவின் பல வீடுகளைப் பாதிக்கும்.

அதனால ஜீப்புகள் ஏறி முடித்த பிறகு, காலை 8 மணிக்கு மேல் மலையேறுவது நல்லது. சாயங்காலம் 4 மணிக்குள் ஏதாவது ஒரு மெட்டிலிருந்து இறங்கிடுங்க. அதற்குப் பிறகு ஜீப் வரிசை, பனிமூட்டம், இருட்டு மூன்றும் சேர்ந்துகொள்ளும்.

ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை!

இரண்டு வண்டி தாராளமாக விலக முடியாத மலைச்சாலையில், இறங்கும் வண்டி ஓரமாக நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இது வெறும் மரியாதை இல்லை, மோட்டார் வாகன விதிமுறை. காரணம் எளிமையானது. பாரத்தோடு ஏறுகிற வண்டி ஒருமுறை நின்றுவிட்டால், சரிவில் பின்னால் உருளாமல் மறுபடி கிளப்புவது கஷ்டம்.

இறங்கும்போது பிரேக் ஏன் பிடிக்காமல் போகிறது?

போடிமெட்டுக்கும் போடிக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,000 மீட்டர். பைக், ரெண்டு பேர், பை எல்லாம் சேர்த்து 300 கிலோன்னு வெச்சுக்குவோம். இவ்வளவு எடை இவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சாதாரண பச்சைத் தண்ணீர் 10 லிட்டரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் கொஞ்சம் காற்றோடு போகும். மீதியை பிரேக் அல்லது இன்ஜின்தான் தாங்கணும்.

முழுக்க பிரேக்கையே அழுத்திக்கொண்டு வந்தால் பிரேக் ஷூவும் டிஸ்க்கும் கடுமையாகச் சூடாகி, பிடிமானம் குறையும். டிஸ்க் பிரேக்கில் உள்ள ஆயில் கொதித்துக் குமிழி விட்டால், லீவரை எவ்வளவு அழுத்தினாலும் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. பழைய பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் என்பதால் இன்னும் சீக்கிரமே கொதிக்கும். பொதுவாக ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்வது இதனால்தான்.

அப்போ எப்படி இறங்கணும்?

ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். கொண்டை ஊசி வளைவுக்கு ரெண்டாவது கியர், சரிவு அதிகம்னா முதல் கியர். ஆக்ஸிலேட்டரை விட்டுட்டா இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். பிரேக்கை விட்டு விட்டுப் பிடிங்க, தொடர்ந்து மிதிச்சுக்கிட்டே வராதீங்க. வேகத்தை வளைவுக்கு முன்னாடியே குறைச்சிடுங்க, வளைவுக்குள்ள முன் பிரேக்கைச் சட்டுனு பிடிக்கக் கூடாது.

பெட்ரோல் மிச்சம்னு நினைத்து சிலர் நியூட்ரலில், அல்லது சாவியை அணைத்து இறங்குகிறார்கள். இது ரொம்ப ஆபத்து. இன்ஜினின் பிடி போயிடும். முழுப் பாரமும் பிரேக் மேல் விழும்.

ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கியர் இல்லாத வண்டியில் இன்ஜின் பிடிமானம் குறைவு. வேகம் குறைந்தால் கிளட்ச் விலகி, அதுவும் இல்லாமல் போகும். எனவே இடம் பார்த்து இரண்டு, மூன்று முறை நிறுத்தி பிரேக்கை ஆற விடுங்க. பிரேக் சூடாக இருக்கும்போது அதன் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

மழை, காற்று, பனி எப்படி இருக்கும்?

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் போடி பக்கம் காற்று மட்டும் அடிக்கும். மலை மறைவுப் பகுதி என்பதால் மழை குறைவு. கீழே வெயிலைப் பார்த்துவிட்டு டீ-ஷர்ட்டோடு ஏறினால் மேலே நனைவீங்க. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும். ஆடிக் காற்றில் தேவாரம் சாலையில்கூட பைக் பக்கவாட்டில் தள்ளப்படும்.

ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை போடி பக்கத்துச் சரிவிலேயே கொட்டும், மண்ணும் பாறையும் சாலையில் சரியும். பலத்த மழை எச்சரிக்கை இருந்தால் அன்றைக்கு ரைடை ஒத்திப்போடுங்க. பனிமூட்டத்தில் ஹை பீம் வேண்டாம். வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி உங்க கண்ணையே மறைக்கும்.

யானை நடமாட்டம் உண்டா?

பூப்பாறை, சின்னக்கானல், ஆனையிறங்கல் பகுதி யானைகள் நடமாடும் இடம். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன், மே மாதம் கம்பம் நகருக்குள்ளேயே வந்தது நினைவிருக்கலாம். அது இடம் மாற்றப்பட்டாலும் மற்ற யானைகள் அங்கேயேதான் இருக்கின்றன. யானையைப் பார்த்தால் தூரத்திலேயே நிறுத்துங்க. ஹாரன் அடிக்காதீங்க, செல்ஃபிக்கு இறங்காதீங்க.

கிளம்பும் முன் சரிபார்க்க வேண்டியவை

டயரின் பட்டன், காற்று, ரெண்டு பிரேக், ஹெட்லைட், ஹாரன். பெட்ரோலை போடியிலேயே நிரப்பிடுங்க, கேரளாவில் விலை அதிகம். லைசென்ஸ், ஆர்.சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவை டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஹெல்மெட் இல்லாவிட்டால் சட்டப்படி 1,000 ரூபாய் அபராதம், லைசென்ஸும் 3 மாதம் ரத்தாகலாம்.

போட்டோ எடுக்கணும்னா வளைவில் நிற்காமல், அகலமான இடம் வரும்வரை ஓட்டிப் போய் நிறுத்துங்க. நேரம் தப்பி, சாயங்காலம் எதிரே ஜீப் வரிசை வந்தால் ஓரமாக நின்று முதலில் அவங்களைப் போக விடுங்க. உங்களுக்கு அது ரெண்டு நிமிஷத் தாமதம், அவங்க நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வீடு திரும்புறவங்க.