மொட்டை மாடியில் துணிப்பைத் தக்காளி: வளர்ப்போரும் விற்போரும் அறிய வேண்டியவை



கீழே கடை, மேலே வீடு, அதற்கு மேலே மொட்டை மாடி. கடைவீதியில் குடியிருக்கும் நம்மில் பலருடைய வாழ்க்கை இந்த மூன்று தளங்களுக்குள் அடங்கிவிடுகிறது. முன்னால் தெரு, பின்னால் அடுத்தவர் சுவர். ஒரு கறிவேப்பிலைக் கன்று ஊன்றக்கூட மண் கிடையாது. ஆனால் தலைக்கு மேலே ஐநூறு, அறுநூறு சதுர அடி வெயில் சும்மா கிடக்கிறது. வற்றல் காயவைத்தது போக மீதி இடத்தில் உடைந்த பெட்டிகளையும் பழைய பெயர்ப் பலகைகளையும் போட்டு வைத்திருக்கிறோம்.

அந்த இடத்தில் துணிப்பைகளில் தக்காளி வளர்ப்பது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இது வீட்டுக்கு மட்டும் உரிய விஷயமன்று. மாடித்தோட்டப் பைகளும் தென்னை நார்க்கழிவுக் கட்டிகளும் இன்று பாத்திரக்கடை, வன்பொருள் கடை வரை விற்பனைக்கு வந்துவிட்டன. விற்கிற சரக்கின் குணம் தெரியாமல் விற்பது வணிகனுக்கு அழகல்ல.

தக்காளியை ஏன் எடுத்துக்கொண்டோம்? விலை ஏறி இறங்குவதில் அதற்கு ஈடான காய் குறைவு. வரத்து மிகுந்தால் பறிகூலி கட்டாமல் விவசாயி சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார். மழையோ வெப்பமோ பயிரைக் கெடுத்தால் நிலைமை தலைகீழ். 2021 நவம்பர் மழையில் சென்னையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூலையில் மறுபடியும் அதே கதை. அப்போது தமிழக அரசே பண்ணைப் பசுமைக் கடைகள் மூலமும், சென்னையில் நியாயவிலைக் கடைகள் மூலமும் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது நினைவிருக்கும்.

நான் பட்ட நஷ்டம்

முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கடையில் மீந்த எட்டு சணல் சாக்குகளில் வயல் மண்ணை நிரப்பி, கிட்டங்கியின் மாடியில் வரிசையாக வைத்துத் தக்காளி நட்டேன். செடி நன்றாகவே வந்தது. ஐப்பசி மழை பிடித்தபோது சாக்குகளின் அடி இற்றுப்போயிருந்தது. மண் கரைந்து ஓடி மழைநீர்க் குழாயை அடைத்தது. இரவு முழுவதும் மாடியில் தண்ணீர் நின்று, தளத்தின் விரிசல் வழியே இறங்கி, கீழே அடுக்கியிருந்த சர்க்கரை மூட்டைகளில் மேல் வரிசை நான்கு மூட்டைகளைப் பாகாக்கிவிட்டது.

எனக்குக் கிடைத்த தக்காளி மூன்று கிலோ. போனது நான்கு மூட்டை சர்க்கரை. தவறு செடியில் இல்லை. பையிலும், மண்ணிலும், வைத்த இடத்திலும் இருந்தது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

துணிப்பையின் சூட்சுமம்

பிளாஸ்டிக் தொட்டியில் வளரும் செடியைப் பிடுங்கிப் பார்த்தால், வேர்கள் சுவரில் முட்டி, திரும்பி, தொட்டியைச் சுற்றிச் சுற்றி வட்டமடித்திருக்கும். நடுவில் உள்ள மண்ணை அவை சரிவரப் பயன்படுத்துவதில்லை. துணிப்பையில் நடப்பது வேறு. வேர்நுனி துணியின் ஓரத்தை எட்டியதும் அங்குள்ள காற்றுப் பட்டு உலர்ந்து நின்றுவிடுகிறது. அதன் பின்பக்கத்திலிருந்து பல கிளை வேர்கள் புறப்படுகின்றன. நுனி கிள்ளிய செடி பக்கக் கிளை விடுவதைப் போன்றதுதான் இதுவும். பை முழுவதும் சல்லி வேர் நிறைவதால், இருக்கிற மண்ணிலேயே செடி அதிக சத்தை எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது நன்மை, மிகுதி நீர் அடியிலும் பக்கத்திலும் கசிந்து போய்விடுகிறது. தண்ணீர் நின்று வேர் அழுகுவது குறைவு. மூன்றாவது, துணி வழியே ஈரம் ஆவியாவதால் மண் அதிகம் சூடேறுவதில்லை. நம் மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். இந்த நன்மைக்கு ஒரு விலையும் உண்டு. துணிப்பை சீக்கிரம் காய்ந்துவிடும். எனவே தண்ணீர் விஷயத்தில் அசட்டை கூடாது.

துணி என்றால் எது?

சணல் சாக்கு: காற்றோட்டம் நன்று, நம் கடையில் செலவின்றிக் கிடைக்கும். ஆனால் ஈரமண் பட்டால் மக்கும். ஒரு பருவத்துக்கு மேல் நம்ப முடியாது.

அரிசி வரும் பிளாஸ்டிக் சாக்கு: நெசவு இடுக்கில் ஓரளவு காற்றுப் போகும். உள்ளே பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் அதுவும் போகாது. திறந்த வெயிலுக்கென்று செய்யப்படாத சாக்கு மாதக்கணக்கில் காய்ந்தால் பொடிப்பொடியாக உதிரும். பூச்சிமருந்து வந்த பையையும் சிமெண்டுப் பையையும் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது.

நெய்யாத துணிப்பை: கம்பளி போல் அழுத்திச் செய்த தடித்த துணி. மாடித் தக்காளிக்கு ஏற்றது இதுதான். இதன் தரத்தை ஜி.எஸ்.எம். என்ற அளவால் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை எத்தனை கிராம் என்பதே அதன் பொருள். 200 முதல் 300 வரை உள்ள துணி நல்லது. அதோடு வெயில் தாங்கும்படி புற ஊதாக்கதிர்ப் பாதுகாப்பு செய்யப்பட்டதா என்றும் கேட்க வேண்டும். தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட மெல்லிய நெய்யாத துணிக் கைப்பைகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு சரக்கு. அதில் மண் நிரப்பித் தூக்கினால் கைப்பிடி மட்டுமே கையில் வரும்.

அளவில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள பை சுமார் 21 லிட்டர் கொள்ளும். ஒரு தக்காளிச் செடிக்கு இது வேண்டும். ஒரு பையில் இரண்டு செடி வைத்தால் இரண்டுமே இளைக்கும்.

மண்ணும் எடையும்

வெறும் செம்மண்ணை இந்தப் பையில் நிரப்பி நனைத்தால் எடை 35 கிலோவைத் தாண்டும். மண்ணும் இறுகிப்போகும். செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு என்று கலந்து, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்குத் தூளும் சேர்த்தால் எடை வெகுவாகக் குறையும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் 5 கிலோ நார்க்கழிவுக் கட்டி தண்ணீரில் ஊறினால் சுமார் 70 லிட்டர் வரை உப்பும். பத்துப் பைக்கு ஒரு கட்டி போதும். உப்பு நீங்கக் கழுவிய சரக்கா என்று கேட்டு வாங்கவும். இல்லையேல் இரண்டு மூன்று முறை அலசிப் பிழியவும்.

ஆட்கள் நடமாடும் கான்கிரீட் மாடியைச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் சுமை தாங்கும்படி வடிவமைப்பது இந்தியக் கட்டுமானத் தர வழக்கம். இரண்டடி இடைவெளி விட்டுப் பைகளை வைத்தால் அந்த எல்லைக்குள் தாராளமாக அடங்கும். நடுத்தளத்தில் குவிக்காமல், கீழே சுவரோ உத்திரமோ உள்ள ஓரங்களில் வைப்பது நல்லது. மரச்சட்டங்கள் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் தளமாக இருந்தால் பொறியாளரைக் கேட்காமல் ஒரு பைகூட ஏற்ற வேண்டாம். வாடகைக் கட்டடமானால் உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லுறவுக்கு உதவும்.

பையைத் தரையில் நேராக வைக்கக் கூடாது. இரண்டு செங்கல் மேல் வைத்தால் அடியில் காற்றோடும். வேர் தட்டோட்டு இடுக்கில் இறங்காது. மழைநீர்க் குழாய் வாயில் கம்பிவலை கட்டாயம். கிட்டங்கிக்கு மேலே வைப்போர் தளத்தில் விரிசல் உண்டா என்று முதலில் பார்த்து அடைத்துவிட வேண்டும். நான் கொடுத்த சர்க்கரை விலையை நீங்களும் கொடுக்க வேண்டியதில்லை.

நடவும் பராமரிப்பும்

பைக்கு ஏற்றது குட்டையாகப் புதராக வளரும் இரகம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த பி.கே.எம். 1 அத்தகையது. இலைச்சுருட்டை நோய் தொல்லை கொடுக்கும் பகுதியில் பெங்களூர் இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் நல்ல தேர்வு. இலைச்சுருட்டை நச்சுயிரி, பாக்டீரிய வாடல், முன்பருவ இலைக்கருகல் என்ற மூன்றையும் எதிர்க்கும் திறன் அதற்கு உண்டு.

குழித்தட்டில் விதைத்து 25 நாள் ஆன நாற்றை மாலை வேளையில் நடவும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டின் பாதி மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நடலாம். மண்ணில் புதைந்த தண்டிலிருந்தும் தக்காளி வேர்விடும். நட்ட அன்றே நான்கடிக் குச்சி ஒன்றை ஊன்றிவிடவும். பிறகு ஊன்றினால் வேர் அறுபடும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும்.

காலையில் கடை திறக்குமுன் ஒரு லிட்டர், கோடையில் மாலையிலும் ஒரு லிட்டர் என்பது ஏறக்குறைய சரியான அளவு. விரலை இரண்டு அங்குலம் மண்ணில் நுழைத்துப் பார்த்து ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றுவதுதான் பெரிய கெடுதல். காய் வெடிக்கும். காயின் அடிப்பாகம் கறுத்து அழுகும். இதைப் பூச்சி என்று எண்ணி மருந்து தேடி வருவோர் பலர். உண்மையில் தண்ணீர் ஒழுங்கின்மையால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததே காரணம். தண்ணீரை ஒழுங்குபடுத்தினால் அடுத்த கொத்து பெரும்பாலும் நன்றாக வரும்.

இலைச்சுருட்டை நோயைப் பரப்புவது வெள்ளை ஈ. மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடலாம். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து இலையின் அடிப்புறம் படும்படி மாலையில் தெளிக்கலாம். முற்றிலும் சுருண்ட செடியைத் தயங்காமல் பிடுங்கி எறிவதே மற்றவற்றுக்குப் பாதுகாப்பு.

பருவமும் கணக்கும்

இனி கணக்குக்கு வருவோம். ஒரு செடியை நன்றாகப் பராமரித்தால் இரண்டு கிலோ வரை எதிர்பார்க்கலாம். பத்துப் பைக்கு 20 கிலோ. விதைத்த எழுபது, எண்பது நாளில் முதல் பறிப்பு தொடங்கி ஒன்றரை, இரண்டு மாதம் காய் வரும். நாளுக்கு அரைக் கிலோ செலவாகும் வீட்டில் இரண்டு மாதத் தேவை 30 கிலோ. ஆக, மூன்றில் இரண்டு பங்கு மாடியிலிருந்தே கிடைக்கும். கிலோ 20 ரூபாய் விற்கும் காலத்தில் இதன் மதிப்பு 400 ரூபாய்தான். கிலோ 100 விற்கும்போது 2,000 ரூபாய். பை இரண்டு மூன்று ஆண்டு உழைத்தால்தான் முதல் திரும்பும். "மாடியில் தக்காளி போட்டு லாபம் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இது விலையேற்றத்துக்கு எதிரான ஒரு சிறு இருப்பு, அவ்வளவே.

அந்த இருப்பும் தானாக அமையாது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுக்கமாக இருந்தால் தக்காளிப் பூ உதிரும். வயலில் காய் குறையும் அதே காரணத்தால் மாடியிலும் குறையும். கார்த்திகையில் விதைத்து, தை, மாசியில் பறிப்பது எளிய பருவம். புதியவர்கள் இதிலேயே தொடங்கவும். ஆனி, ஆடி விலையேற்றத்தைச் சமாளிக்க நினைப்போர் பங்குனியில் விதைத்து, உச்சிவெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை கட்ட வேண்டும்.

விற்போர் கவனத்துக்கு

தோட்டச் சரக்கு விற்கும் அன்பர்களுக்கு மூன்று செய்திகள். முதலாவது, பையின் ஜி.எஸ்.எம். அளவையும் லிட்டர் கொள்ளளவையும் கொள்முதல் பட்டியலில் எழுதி வாங்குங்கள். வாடிக்கையாளருக்கும் அதையே சொல்லி விற்பனை செய்யுங்கள். இரண்டாவது, விதை விற்பதற்கு 1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் வேண்டும். பூச்சிமருந்துக்கும் தனி உரிமம் உண்டு. பை விற்கிறோமே என்று பக்கத்தில் நாலு விதைப் பொட்டலம் தொங்கவிடுவது ஆபத்து. உரம் வகைகளுக்கும் வேளாண் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு இறங்குவதே முறை. மூன்றாவது, தோட்டக்கலைத்துறை 2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தளைகளை மானியத்தில் வழங்கத் தொடங்கியதிலிருந்து மக்களுக்கு இதில் ஆர்வம் வளர்ந்திருக்கிறது. மானியம் பற்றி வாடிக்கையாளர் கேட்டால் உள்ளூர்த் தோட்டக்கலை அலுவலகத்துக்கு வழிகாட்டி அனுப்புங்கள். அதனால் நம் வியாபாரம் குறையாது.

மெல்லிய பையைப் பத்து ரூபாய் குறைத்து விற்றால் அன்று கல்லா நிறையும். ஆறு மாதத்தில் அது கிழிந்து, மண் மாடியில் கொட்டும்போது வாடிக்கையாளர் திட்டுவது பை செய்தவரையல்ல, விற்ற நம்மைத்தான். நாமே நான்கு பை வைத்து ஒரு பருவம் வளர்த்துப் பார்த்துவிட்டால் எது நல்ல சரக்கு என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வருகிற கார்த்திகையில் தொடங்குங்கள். பொங்கலுக்குப் பின் முதல் பழம் சிவக்கும்போது வீட்டாரும் மகிழ்வர், வாடிக்கையாளரிடம் சொல்ல உங்களுக்கும் ஒரு நேரடிச் செய்தி இருக்கும். மழைநீர்க் குழாயில் கம்பிவலை போட மட்டும் மறந்துவிடாதீர்கள்.