மூதூர்ப் பகுதியில் வாழ்முறையும் மனை பற்றிய கருத்தும்

பண்டைத் தமிழர் நிலத்தை ஐந்திணையாகப் பகுத்தபோது, அவ்வந்நிலத்துத் தெய்வம், உணவு, தொழில் முதலியவற்றையும் கருப்பொருளென உடன்வைத்து எண்ணினர். மக்கள் எதனைத் தம் மனையெனக் கொள்கின்றனர் என்பதையும் அவர்தம் தொழிலே பெரிதும் வரையறுக்கின்றது எனலாம். இதற்குத் திருகோணமலை மாவட்டத்தின் மூதூர்ப் பகுதி தக்க சான்றாகும். கொட்டியாரக் குடாவில் மகாவலி கங்கை கலக்கும் இந்நிலப்பரப்பில் வயலும் கடலும் காடும் அடுத்தடுத்து அமைந்துள்ளன.

வயலை நம்பி வாழ்வோர்க்கு வேலி சூழ்ந்த வளவும் கிணறும் பயன்தரு மரங்களும் சேர்ந்ததே மனை; கூரை அதன் ஒரு கூறு மாத்திரமே. கிழக்கிலங்கைத் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் பெற்றோர் மகளுக்கு வீட்டைச் சீதனமாக அளிப்பதும், மணமகன் அங்குச் சென்று வாழ்வதும் பரவலான வழக்கம். மனை என்னும் சொல்லினின்றே மனைவி என்பது பிறந்தமை ஈண்டு நினையத்தக்கது. இத்தகைய வீடொன்று அழியுமிடத்துத் தாயின் உடைமையோடு மகளின் மணவாழ்வுக்கான முதலும் அழிகின்றது.

கடற்றொழிலாளர்க்குத் தோணி இழுத்துவைக்கும் கரையும் வலை உலர்த்தும் மணலும் வீட்டு முற்றத்தின் தொடர்ச்சியாகும். மீன்பாடு தேடி வேற்றுக்கரையில் வாடியமைத்துத் தங்குவோரும் உளர். வாடி தங்குமிடம், வீடு திரும்புமிடம்.

இப்பகுதியில் தமிழ் பேசும் கரையோர வேடரும் வாழ்கின்றனர். கிழக்குக் கரை வேடரைப் பற்றிச் செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலும் குறிப்பிடுகின்றது. வேட்டையும் தேனெடுத்தலும் தொழிலாயிருந்த காலத்தில், எளிதில் அமைத்து எளிதில் விட்டகலும் குடில்களே முன்னோர்க்குப் போதுமாயின. குடில் மாறினும் காடு மாறவில்லை. எனவே காடே அவர்க்கு மனையாயிற்று.

இவ்வேறுபாடு வெறும் ஆய்வுப் பொருளன்று. 2006ஆம் ஆண்டுப் போரில் மூதூர் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். சம்பூர் மக்களோ, தம் நிலம் தடைசெய்யப்பட்டமையால், கிளிவெட்டி முதலிய முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ நேர்ந்தது. மாற்றுக் காணி தர முன்வந்தபோதும் பலர் அதனை மறுத்து, சொந்த நிலத்தையே வேண்டினர். 2015இலேயே அவர்கள் மீளக் குடியேறத் தொடங்கினர். வெறுங்கூரையே மனையாயின், அம்மறுப்புக்குப் பொருளில்லை. வயலும் கரையும் அண்மையிலிருந்தாலன்றி அவர்க்கு அது மனையாகாது. ஆதலின் மீள்குடியேற்றம் திட்டமிடுவோர், எத்தனை வீடுகள் என எண்ணுமுன், எவ்வகை வாழ்வுக்கு என ஆராய்தல் வேண்டும்.