ஆண்டிறுதி மணியும் அதிபரின் அறிக்கையும்

பாடசாலை ஆண்டு முடியப் போகின்றது என்பதை நாட்காட்டியைப் பாராமலே அறிந்துகொள்ளக் கொழும்பு வாழ் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழி உண்டு. வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக வெள்ளைச் சீருடை அணிந்த சிறுமியர் புத்தகப் பையைத் தோளிலும் சலங்கைப் பையைக் கையிலும் சுமந்து விரைவர். கொட்டாஞ்சேனையில் புனித லூசியா பேராலயத்தை அண்டிய வீதிகளிலோ, பாடசாலை மதில்களுக்கு அப்பாலிருந்து கரோல் கீதங்களின் ஒத்திகை மழைச்சாரலோடு கலந்து வரும். வீட்டிலே விளக்கீட்டுக்குச் சிட்டிகளைத் துடைத்து வைக்கும் தாயிடம், "அம்மா, நாளைக்கு வெள்ளைச் சட்டை வேணும், நான் தேவதை!" என்று சைவப் பிள்ளையும் கேட்கும். மூன்றாந் தவணை முடிகின்றது. விழாக்களின் காலம் தொடங்குகின்றது.

இவ்விழாக்களைப் பற்றி இன்று வாசகர்களுடன் சிறிது உரையாட விரும்புகின்றோம். அவற்றின் வெளித்தோற்றத்தை யாவரும் அறிவர். அவை எதற்காக நடைபெறுகின்றன என்பதைச் சிந்திப்போர் சிலரே.

மூன்று நிகழ்ச்சிகள்

ஆண்டிறுதியில் எமது பாடசாலைகள் பலவற்றில் மூன்று நிகழ்ச்சிகள் முக்கியம் பெறுகின்றன. முதலாவது ஒளி விழா. பாலன் பிறப்புக் காட்சியும் பாடல்களும் நடனங்களும் நிறைந்த இவ்விழாவில் மத பேதமின்றி மாணவர் கலந்துகொள்வர். புரட்டாதியில் வாணி விழாவுக்குத் தோரணம் கட்டிய கைகளே இங்கு நட்சத்திரக் கூடும் கட்டும். இரண்டாவது, உயர்தர வகுப்பினருக்கு இளைய மாணவர் நடத்தும் பிரியாவிடை. கேலியும் சிரிப்புமாகத் தொடங்கி, மாணவத் தலைவர் நன்றி கூற எழும்போது குரல் தழுதழுக்க முடிவது அதன் இயல்பு. மூன்றாவது பரிசளிப்பு விழா. சில பாடசாலைகள் இதனை ஆண்டின் நடுவிலே வைப்பதும் உண்டு.

பரிசளிப்பு விழாவின் முறை யாவரும் அறிந்ததே. மங்கல விளக்கு ஏற்றப்படும், வரவேற்புரை நிகழும், பின்னர் அதிபர் எழுந்து தமது ஆண்டறிக்கையை வாசிப்பார். பிள்ளைகள் நெளியத் தொடங்குவதும், பின்வரிசைத் தந்தையர் கடிகாரத்தைப் பார்ப்பதும் அவ்வேளையிலேதான். ஆயினும் அவ்விழாவின் உயிர்நாடி அவ்வறிக்கையே என்பது எமது துணிபு. இத்தனை பேர் பரீட்சைக்குத் தோற்றினர், இத்தனை பேர் சித்தியெய்தினர், இன்ன கட்டடம் எழுந்தது, இன்ன ஆசிரியர் ஓய்வு பெற்றார் என்று ஒரு நிறுவனம் தன்னை ஆதரிக்கும் மக்கள் முன்னிலையில் நின்று கணக்கு ஒப்புவிக்கும் நேரம் அது. அரசின் கையில் இல்லாமல் தனித்து நிற்கும் பாடசாலைகளுக்கு இக்கணக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு வரலாறே சான்று.

1960ஆம் ஆண்டின் டிசம்பர்

கொட்டாஞ்சேனையில் 1865ஆம் ஆண்டில் தோன்றி, டி லா சால் அருட்சகோதரர்களின் பணியால் வளர்ந்தது புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி. அதன் அயலிலே நல்லாயன் கன்னியர் நடத்திய மகளிர் பாடசாலை, அக்கன்னியர் இலங்கைக்கு வந்த 1869ஆம் ஆண்டுடன் தன் வரலாற்றைத் தொடங்குகின்றது. வெள்ளவத்தையிலோ சைவ மங்கையர் கழகத்தாரின் முயற்சியால் சைவ மங்கையர் வித்தியாலயம் உருவாயிற்று. சமயத்தாலும் சூழலாலும் வேறுபட்ட இவை அரசினர் பாடசாலைகளாகாமல் நிலைத்தவை என்பதில் ஒன்றுபடுகின்றன.

1945ஆம் ஆண்டில் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னரும் சமய நிறுவனங்கள் பல அரசாங்க உதவிப் பணத்துடன் பாடசாலைகளை நடத்தி வந்தன. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அந்நிலையை மாற்றியது. உதவி பெறும் பாடசாலைகளின் நிர்வாகம் அவ்வாண்டு டிசம்பர் முதலாந் திகதி தொடக்கம் அரசின் பொறுப்பாகும் என விதிக்கப்பட்டது. உயர்தரப் பாடசாலைகள் மாத்திரம் தனித்து இயங்க விரும்பினால் அவ்வாறு செய்யலாம். ஆனால் அரசாங்க உதவிப் பணம் கிடையாது, மாணவரிடம் கல்விக் கட்டணம் அறவிடவும் கூடாது.

இரு கைகளையும் கட்டிவிட்டு நீந்தச் சொல்வதற்கு இது ஒப்பானது என்றே பலர் எண்ணினர். மறுபுறத்தில், நாட்டுப் பிள்ளைகள் யாவருக்கும் ஒரே தரமான கல்வி கிடைக்கவேண்டும், சமயத்தின் பெயரால் பாடசாலை வாயில் எவருக்கும் அடைபடலாகாது என்று வாதித்தோரின் கூற்றிலும் நியாயம் இருந்தது. அவ்வாண்டிறுதியில் பரிசுப் புத்தகங்களைப் பற்றிப் பேசவேண்டிய வீடுகளில், "எங்கள் பள்ளிக்கூடம் தைமாதம் யார் கையில் இருக்கும்?" என்பதே பேச்சாயிற்று. கத்தோலிக்கப் பெற்றார் பலர் பாடசாலைகளுக்குள்ளே புகுந்து இரவும் பகலும் தங்கியிருந்தனர். பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியஸ் அவர்கள் வந்து சமரசம் பேசியபின், 1961 ஜனவரியில் அவர்கள் வெளியேறினர்.

தனித்து நின்ற பாடசாலைகள் எவ்வாறு பிழைத்தன? களியாட்டு விழாக்களும் அதிர்ஷ்டச் சீட்டுகளும் நடத்திப் பணம் திரட்டப்பட்டது. பழைய மாணவரும் வர்த்தகரும் இயன்றதை அளித்தனர். குறைந்த சம்பளத்திற்கு ஆசிரியர்கள் கற்பித்தனர். பெற்றார் பலகாரம் சுட்டு விற்றுக் காசு சேர்த்தனர். பிற்காலத்தில் ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றுக்கொண்டது. அதனால் சுமை ஓரளவு குறைந்தது. எனினும் அந்த இடைக்காலத்தைத் தாங்கியவை ஆயிரக்கணக்கான சிறு கைகளே. அக்கைகளுக்குரிய பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

விழாவில்லாத ஆண்டுகள்

ஒவ்வோர் ஆண்டும் மணி இனிமையாகவே ஒலித்தது என்று கூறுவதற்கில்லை. 1983 ஜூலையில் கொழும்புத் தமிழர் வீடிழந்து ஓடியபோது பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமாயிற்று. கரும்பலகை இருந்த அறைகளில் குடும்பங்கள் பாய் விரித்தன. குடும்பங்கள் பல யாழ்ப்பாணத்துக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் பெயர்ந்தமையால், அவ்வாண்டு முடிவில் வகுப்பு இடாப்பில் பல பெயர்களுக்கு எதிரே பதில் இல்லை. டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் பிள்ளைகளை 1956 முதல் சுமந்து வந்த யாழ்தேவியும் 1990இல் வடக்கே செல்வதை நிறுத்தியது. 2014 அக்டோபரிலேதான் அது மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. இடையிலே ஒரு தலைமுறை மாணவர், விடுமுறை என்றால் பாட்டி வீடு என்பதையே அறியாமல் வளர்ந்தனர்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கு அது தொலைவிலுள்ள செய்தியன்று. செவ்வாய்தோறும் மெழுகுதிரி ஏற்றிய இடம். அவ்வாண்டின் ஒளி விழாவில் ஏற்றப்பட்ட விளக்குகளின் பொருளே வேறாயிற்று.

அடுத்த ஆண்டு மார்ச்சில் கொரோனா நோயால் பாடசாலைகள் மூடப்பட்டன. 2020இன் இறுதியில் மண்டபங்கள் வெறுமையாகக் கிடந்தன. மாணவர் கைப்பேசித் திரையிலே விடைபெற்றனர். 2022 மார்ச்சில் பொருளாதார நெருக்கடி முற்றியபோது, அச்சடிக்கக் கடதாசி இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிவைக்கப்பட்டன. கல்வியாண்டும் நிலைபெயர்ந்தது. 2023ஆம் ஆண்டுக்குரிய வகுப்புகள் 2024 பெப்ரவரியிலேதான் முடிந்தன. 2024க்குரியவை 2025 ஜனவரியில் முடிந்தன. ஆண்டு பிறந்தபின் ஆண்டிறுதி வந்த விந்தையை எமது பிள்ளைகள் கண்டனர். ஆகவே, உரிய காலத்தில் மணி ஒலித்து, உரிய காலத்தில் விழா நடைபெறுவதே ஒரு பேறு என்று உணர்தல் வேண்டும்.

றிப்போட்டில் வராதது

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்குச் சென்றிருந்தோம். கடைசி வரிசையில் ஒரு தாய் அமர்ந்திருந்தார். அன்று அவருடைய மகனின் பெயர் ஒருமுறையேனும் அழைக்கப்படவில்லை. விழா முடிந்ததும் அச்சிறுவன் வேறு சிலருடன் கதிரைகளை அடுக்கத் தொடங்கினான். வகுப்பாசிரியை தாயிடம் வந்து, "அம்மா, காலமை ஆறு மணிக்கே வந்து இந்த மண்டபத்தை ஆயத்தப்படுத்தினது உங்கடை மகன்தான். மழைக்குள்ளை நனைஞ்சு நனைஞ்சு கதிரை சுமந்தவர்" என்றார்.

தாயின் முகம் மலர்ந்தது. சற்றுத் தயங்கிப் பின் கேட்டார்: "ரீச்சர், இதை றிப்போட்டிலை எழதேலாதோ? தேப்பனுக்குக் காட்டலாம்."

ஆசிரியை சிரித்தார். பின்னர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். எமக்கும் அக்கேள்வி மறக்கவில்லை.

தேர்ச்சி அறிக்கையின் அடியில் வகுப்பாசிரியரின் குறிப்புக்கென ஓரிடம் விடப்பட்டிருக்கும். பெரும்பாலும் 'திருப்திகரம்', 'முயற்சி போதாது' என்ற சொற்களே அங்கு இடம்பெறும். நாற்பது பிள்ளைகளின் அறிக்கைகளை ஓரிரவில் எழுதி முடிக்கும் ஆசிரியரை நாம் குறைகூறவில்லை. ஆயினும் இப்பாடசாலைகள் எவ்வாறு உயிர் பிழைத்தன என்பதை மறவாதிருப்போமாக. முதற்பரிசு பெற்றோரால் மட்டும் அவை நிலைக்கவில்லை. பலகாரம் சுட்டவர், கதிரை சுமந்தவர், குறைந்த சம்பளத்தில் நின்று கற்பித்தவர் ஆகியோராலேயே நிலைத்தன. அவ்வாறாயின் ஆண்டறிக்கையில் ஒரு பந்தியேனும், பரிசுப் பட்டியலில் ஒரு பரிசேனும், தேர்ச்சி அறிக்கையில் ஒரு வரியேனும் அத்தகையோருக்கு உரியதாதல் முறையன்றோ?

பெற்றாருக்கும் மாணவருக்கும்

பெற்றாரே, இம்முறை அதிபர் அறிக்கை வாசிக்கும்போது கடிகாரத்தைப் பாராதீர்கள். எத்தனை பேர் முதன்மை பெற்றனர் என்பதுடன், எத்தனை பேர் இடையிலே பாடசாலையை விட்டு விலகினர், அவர்களைத் திருப்பி அழைக்க என்ன செய்யப்பட்டது என்பதையும் செவிகொடுத்துக் கேளுங்கள். கூறப்படாவிடில் பெற்றார் சங்கக் கூட்டத்திலே பணிவுடன் வினவுங்கள். பிள்ளை தேர்ச்சி அறிக்கையை நீட்டும்போது, முதலில் புள்ளிகளைப் பாராமல், "இந்த வருஷம் நீ யாருக்கு உதவி செய்தாய்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மாணவச் செல்வங்களே, பரிசு பெற்றால் மகிழுங்கள், பெறாவிடில் சோராதீர்கள். புறக்கோட்டையில் வாங்கிய புதிய கொப்பிகளுக்கு உறை போடும்போது, பழைய புத்தகங்களில் கிழியாதவற்றை ஒரு கீழ்வகுப்புப் பிள்ளைக்காக எடுத்து வையுங்கள். உங்களுக்குக் கற்பித்து இவ்வாண்டு ஓய்வுபெறும் ஆசிரியர் ஒருவரையேனும் வீட்டுக்குச் சென்று கண்டு வணங்குங்கள்.

தவணையின் கடைசி மணி அடித்ததும் மண்டபம் வெறுமையாகும், கதிரைகள் அடுக்கப்படும். அவற்றை அடுக்கும் பிள்ளையின் பெயரை அறிந்துகொண்டு வீடு திரும்புவோமாக.