அணை மீனில் நமக்கும் பங்கு உண்டு

2025இல் சமூக வலைதளக் காணொலிகளால் கூமாப்பட்டி தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. மலையடிவாரத்தில் இருக்கும் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளைப் பார்க்கக் கூட்டம் கூடியது. பாசனம் போக, அணை நீர் தரும் இன்னொரு செல்வம் மீன். அதில் நம் மக்களுக்கு என்ன பங்கு என்பதைத்தான் இங்கே பேசுகிறோம்.

கண்மாய் மீன் நமக்குப் பழக்கம். கோடையில் நீர் வற்றியதும் கச்சா, ஊத்தா என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவோம். அணையில் அது செல்லாது. பழைய ஆற்றுத் தடம் ஆழமாகக் கிடக்கும். அதன் பக்கத்திலேயே பாறை மறைந்து நிற்கும். மூழ்கிய மரக்கட்டையில் சிக்கினால் வலை கிழியும், பரிசல் சாயும்.

எனவே முதலில் நீரைப் படிக்க வேண்டும். நீர் இறங்கியிருக்கும் காலத்தில் கரையோரம் நடந்து பாறை, பள்ளம், ஓடை விழும் இடம் எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். பரிசலில் எழுந்து நிற்கக் கூடாது. ஒருவர் துடுப்புப் போட, மற்றவர் உட்கார்ந்தபடியே வலையை விட வேண்டும். கட்லா மேல்நீரில் மேயும், ரோகு நடுநீரில், மிருகால் அடியில். வலையை எந்த ஆழத்தில் நிறுத்துவது என்பதை இதை வைத்தே முடிவு செய்கிறார்கள். மாலையில் விட்ட வலையை விடியலில் எடுப்பார்கள். வலைக்கண் பெரிதாக இருந்தால் குஞ்சுகள் தப்பிப் பிழைக்கும். மலையில் மழை பெய்தால், இங்கே வானம் வெளுத்திருந்தாலும் நீர்வரத்து திடீரென்று கூடும். மதகை நெருங்கக் கூடாது. உயிர்காப்பு உடையும் அனுமதியும் இல்லாமல் நீரில் இறங்கவே கூடாது.

‘இதெல்லாம் மீனவர் தொழில், நமக்கு வருமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் நர்மதையின் துணையாறான தவாவில் 1970களில் அணை கட்டியபோது 44 கிராமங்கள் இடம்பெயர்ந்தன. பெரும்பாலோர் கோண்டு, கோர்க்கு பழங்குடியினர். காட்டையும் வயலையும் நம்பியிருந்த அவர்களுக்கு ஆழ்நீரில் படகு செலுத்தி வலை விடுவது புதிது. கற்றுக்கொண்டார்கள். தங்கள் ஊரை மூழ்கடித்த நீரில் மீன்பிடி உரிமை கேட்டுப் போராடி, 1996இல் தங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்குக் குத்தகை பெற்றார்கள். 10 ஆண்டுகள் நடத்தினார்கள். அணை சாத்புரா புலிகள் காப்பகத்தை ஒட்டியிருப்பதைக் காரணம் காட்டி, 2006க்குப் பிறகு குத்தகை நீட்டிக்கப்படவில்லை. நம் பகுதி மலைக்காடுகளும் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டிருப்பதால், இந்த அனுபவத்தை நாம் அறிந்திருப்பது அவசியம்.

தொழிலைக் கற்பதைவிடக் கடினம், குத்தகையில் இடம் பிடிப்பது. ஊர்ப் பொதுக் கண்மாயின் மீன் ஏலம் யார் கையில் இருக்கிறதோ, ஊரின் அதிகாரமும் அவர்கள் கையில்தான். மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் 1997 ஜூன் 30 அன்று படுகொலை செய்யப்பட்டனர். தலைவர் பதவி தனித்தொகுதியானால் மீன் குத்தகை உள்ளிட்ட பொதுச் சொத்துகள் மீதான பிடி போய்விடும் என்ற எண்ணமும் அந்தப் பகைக்கு ஒரு காரணம்.

2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பயனாளி சார்ந்த மீன்வளப் பணிகளுக்குப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீத மானியம் உண்டு; மற்றவர்களுக்கு 40 சதவீதம். மானியத்தில் வலை வாங்கலாம். அதை விட நீர் வேண்டுமே! நம் இளைஞர்கள் மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போய்ப் பயிற்சி, உறுப்பினர் சேர்க்கை, குத்தகை விதிகள் மூன்றையும் கேட்க வேண்டும். வாய்ப் பதிலோடு திரும்பாமல், எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். தனியாளாகப் போனால் நாளை வா என்பார்கள், சங்கமாகப் போவோம்.