காட்டுக் கொடியின் கொடை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சுண்ணாம்புக் குன்றுகளிடையே அமைந்த சிற்றூர் ஃபிரெடரிக்ஸ்பர்க். இளவேனிலில் அங்குச் செல்வோரை வரவேற்பவை சாலையோர நீல லூப்பின் மலர்களும், ஒயினுக்கான திராட்சைத் தோட்டங்களும் ஆகும்.

லூப்பின் அவரைக் குடும்பத்துச் செடி. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் சத்தாக மாற்றித் தருவதால், வளமற்ற மண்ணிலும் செழிக்கிறது.

இக்குன்றுகளின் காட்டுத் திராட்சையோ பிரான்சின் ஒயின் தொழிலையே காக்க உதவியது! எவ்வாறு?

19ஆம் நூற்றாண்டில் ஃபில்லாக்சீரா என்னும் பூச்சி பிரான்சின் திராட்சை வேர்களை அழித்தது. அமெரிக்கக் கொடிகளின் வேர்கள் அதைத் தாங்கின. ஆயினும் பல வகைகள் அந்நாட்டுச் சுண்ணாம்பு மண்ணில் வெளிறி நலிந்தன. 1887இல் தீர்வு தேடி வந்த பிரெஞ்சு அறிஞர் வியாலாவுக்கு, சுண்ணாம்பு நிலத்தில் வளரும் டெக்சாஸ் காட்டுக் கொடிகளைத் திராட்சை வல்லுநர் மன்சன் சுட்டிக்காட்டினார். அவற்றின் கலப்பினங்களே இன்றும் பல நாடுகளில் ஒட்டுக்கட்ட வேராகின்றன.

காட்டுக் கொடியென்று எதையும் ஒதுக்கலாகாது.