'டிதர்' என்றால் என்ன? ஒபாமாவைச் சீண்டிய ஒற்றை ஆங்கிலச் சொல்!

2009 அக்டோபர். ஆப்கானிஸ்தானுக்குக் கூடுதல் படைகளை அனுப்புவதா, வேண்டாமா என அமெரிக்க அதிபர் ஒபாமா வாரக்கணக்கில் ஆலோசித்துக் கொண்டிருந்தார். அப்போது முன்னாள் துணை அதிபர் டிக் சேனி, வெள்ளை மாளிகை 'டிதரிங்' செய்வதை நிறுத்த வேண்டும் என்று சாடினார். அமெரிக்க அரசியலில் அனல் கிளப்பிய இந்த வார்த்தையில் அப்படி என்னதான் இருக்கு?

அர்த்தம் என்ன?

ஒரு முடிவுக்கு வர முடியாமல் தடுமாறுவதுதான் 'டிதர்'. 'போகலாமா? வேண்டாமா? போனா என்ன ஆகும்?' என்று மனசு அங்கும் இங்கும் அல்லாடும் நிலை. அமைதியாக உட்கார்ந்து நல்லது கெட்டதை அலசுபவரை இந்தச் சொல் குறிக்காது. தயக்கத்தோடு பல நேரம் படபடப்பும் சேர்ந்திருக்கும்.

நடுங்குவதைக் குறித்த 'டிடர்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லில் இருந்து பிறந்தது இது. உடல் நடுக்கத்தைச் சொன்ன வார்த்தை, பின்னாளில் மன நடுக்கத்துக்கு மாறியது.

எப்படிப் பயன்படுத்துவது?

வினைச்சொல், பெயர்ச்சொல் என இரண்டாகவும் வரும். 'டோன்ட் டிதர்' என்றால் 'தயங்கிக்கிட்டே நிக்காம சீக்கிரம் ஒரு முடிவுக்கு வா' என்று அர்த்தம். ஒருவர் 'இன் எ டிதர்' நிலையில் இருக்கிறார் என்றால், நம்மூர் பாணியில் அவருக்கு 'கையும் ஓடல, காலும் ஓடல'. எதைப் பற்றிய தடுமாற்றம் என்று சொல்ல 'டிதர் ஓவர்' எனச் சேர்த்துக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டர் துறையில் 'டிதரிங்' என்பது வேறு. குறைந்த வண்ணங்களே உள்ள படத்தில் புள்ளிகளைக் கலந்து தூவி, இல்லாத நிறத்தை இருப்பதுபோல் காட்டும் உத்தி அது.

இதுவும் அதுவும் ஒன்றா?

'இருதலைக்கொள்ளி எறும்பு' டிதர் அல்ல. எந்தப் பக்கம் போனாலும் ஆபத்து என்பதால் அது 'டைலமா'. வேலையை நாளைக்கு நாளைக்கு எனத் தள்ளிப்போடுவது 'புரோக்ராஸ்டினேஷன்'. எந்தப் பக்கம் தாவும் என்று தெரியாத 'மதில் மேல் பூனை' ஓரளவு நெருங்கி வரும். ஆனால் அந்தப் பூனையிடம் பதற்றம் இருக்காது!

ஏன் கவனம் தேவை?

டிதர் என்பது குற்றம்சாட்டும் சொல். சேனி டிதரிங் என்று சொன்னதை, அதிபரின் பொறுப்பு என்றது வெள்ளை மாளிகை. அதே ஆண்டு டிசம்பர் 1-ல் மேலும் 30,000 வீரர்களை அனுப்புவதாக ஒபாமா அறிவித்தார். அதுவரை நடந்தது நிதானமா, தடுமாற்றமா என்பது சொல்பவரைப் பொறுத்தது.

கனடா பிரதமராக இருந்த பால் மார்ட்டினுக்கு 2005-ல் 'தி எகனாமிஸ்ட்' இதழ் 'மிஸ்டர் டிதர்ஸ்' எனப் பட்டம் சூட்டியது. அந்தப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

எனவே, வேலை வாய்ப்புக் கடிதத்துக்குப் பதில் எழுத அவகாசம் கேட்கும்போது 'டிதரிங்' என்று எழுதிவிடாதீர்கள். அது 'எனக்கு முடிவெடுக்கத் தெரியல' என்று நீங்களே சொல்வதுபோல் ஆகிவிடும். 'கன்சிடரிங்' என்று எழுதுங்கள். பரிசீலித்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். கேட்கும் அவகாசம் ஒன்றுதான், ஆனால் உங்கள் மீதான மதிப்பு குறையாது.