நொண்டும் குஞ்சுக்கும் சட்டம் உண்டு

கோழிக்குஞ்சு நொண்டினால் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போடுவதும், ஈர்க்குச்சி வைத்து நூலால் இறுக்கிக் கட்டுவதும் நம் வீடுகளின் வழக்கம். மும்பை குர்லாவின் சால் குடியிருப்புகளில் பிள்ளைகள் ஆசைப்பட்டார்களென்று வாங்கும், சாயம் ஏற்றிய குஞ்சுக்கும் இதே வைத்தியம்தான். இத்தகைய குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் சேவல் என்று கழித்தவை. நெரிசலிலும் குலுக்கலிலும் வந்து சேர்பவை. அடிபட்ட குஞ்சைப் பராமரிப்பது வீட்டின் கடமை. ஆனால் வைத்தியத்தைக் கால்நடை மருத்துவரிடம் விடுவதே குஞ்சுக்கும் வீட்டாருக்கும் நல்லது.

காரணம், நொண்டல் ஒன்றுதான், நோய் பல. வழுக்கும் செய்தித்தாளில் நிற்கும் குஞ்சின் கால்கள் இருபுறமும் அகன்றுவிடும். முதல் சில நாட்களிலேயே சொரசொரப்பான துணி விரித்து, மென்மையான பட்டையால் இரு கால்களையும் தளர்வாக இணைத்தால் பெரும்பாலும் சரியாகும். விரல்கள் உள்நோக்கிச் சுருண்டால் வைட்டமின் பி2 குறைவாக இருக்கலாம். கால் மூட்டு வீங்கி, பின்புறத் தசைநார் பக்கவாட்டில் நழுவியிருந்தால் மாங்கனீசுக் குறைபாட்டையும் சந்தேகிக்க வேண்டும். சில வாரக் குஞ்சு ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் நீட்டிக் கிடந்தால் அது மாரெக்ஸ் வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை, மற்றக் கோழிகளுக்கும் பரவும். இவை எதற்கும் பத்து உதவாது. இறுகிய நூல்கட்டோ ரத்த ஓட்டத்தை நிறுத்தி, பாதத்தை வீங்கிக் கறுக்க வைக்கும்.

மருத்துவரிடம் போகும்வரை செய்யக்கூடியவை எளியவை. அட்டைப்பெட்டியில் துணி விரித்துக் குஞ்சைத் தனியே வையுங்கள், மற்றவை கொத்தும். முதல் வாரக் குஞ்சுக்குச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். பல்பை ஒரு மூலையில் மட்டும் வையுங்கள்; நொண்டும் குஞ்சால் விலக முடியாது என்பதால் நீங்களே கவனிக்க வேண்டும். வாய் பிளந்து மூச்சிரைத்தால் சூடு அதிகம், விடாமல் கத்தினால் குளிர். தீனியும், கூழாங்கல் போட்ட மூடியில் தண்ணீரும் அலகுக்கு எட்டவேண்டும். மனிதருக்கான வலிமாத்திரை கூடாது. பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்றதால் கால்நடைப் பயன்பாட்டுக்கு 2006இல் தடைசெய்யப்பட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்தே போதுமான எச்சரிக்கை. குஞ்சின் எச்சத்தில் சால்மோனெல்லா இருக்கக்கூடும். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்.

குஞ்சைப் பராமரிப்பது சட்டப்படியும் கடமை. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் மனிதன் தவிர்த்த எல்லா உயிரையும் விலங்கு என்றே கொள்கிறது. அதன் 3ஆம் பிரிவு, பொறுப்பில் உள்ள உயிருக்குத் தேவையற்ற வேதனை நேராமல் காப்பதைக் கடமையாக்குகிறது. 11ஆம் பிரிவின்படி தீனியும் நீரும் தராததும், பட்டினி கிடக்கும்படி கைவிடுவதும் குற்றம். வேறொருவர் உங்கள் குஞ்சின் காலை வேண்டுமென்றே முறித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் புகார் தரலாம். ஐந்தாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. சிகிச்சைக்கு பரேலில் பம்பாய் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் (எஸ்.பி.சி.ஏ.) நடத்தும் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் மருத்துவமனை இருக்கிறது.

சில ரூபாய்க் குஞ்சுக்கு மருத்துவச் செலவா என்று கேட்கலாம். கடமை விலையைப் பார்த்து வருவதல்ல. செலவு பெரிதென்றால் அதை வாங்குமுன்பே கணக்கிட வேண்டும். எப்படியும் சாப்பிடப் போகிற கோழிதானே என்ற வாதத்துக்குச் சட்டமே பதில் சொல்கிறது: உணவுக்காகக் கொல்வதற்கு விலக்குண்டு, அப்போதும் தேவையற்ற வேதனை தரக்கூடாது. மீளாத குஞ்சை வலியின்றி முடிப்பதும் மருத்துவர் செய்ய வேண்டியதே. ஆனால் 11ஆம் பிரிவின்கீழ் முதல்முறை செய்யும் குற்றத்துக்கு அபராதம் இன்றும் 10 முதல் 50 ரூபாய்தான். அந்தத் தொகைக்கு யாரும் அஞ்சப்போவதில்லை. எனவே சாயக் குஞ்சை வாங்காமல் இருப்பதே அபராதத்தைவிட வலுவான தடுப்பு. வாங்கிவிட்டால், நொண்டல் தெரிந்த அன்றே மருத்துவரிடம் கொண்டுபோவது உங்கள் பொறுப்பு.